பிரைமரி பருவத்தில் ஒரு வார்டைக் கையில் எடுப்பது எப்படி: அமெரிக்க அதிபர் வேட்பாளர் தேர்வுக்கான களப்பணி வழிகாட்டி

அமெரிக்காவில் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தலைமை அறிவிப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் வாக்காளர்கள் பிரைமரி (கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குப்பதிவு) அல்லது காகஸ் (அதற்காகக் கட்சி நடத்தும் கூட்டம்) மூலம் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் ஒரு வேட்பாளருக்காக உங்கள் ஊரில், உங்கள் வார்டில் இறங்கி வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கான வழிகாட்டி இது. நியூ ஹாம்ப்ஷயரை முக்கிய எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறோம். வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கும் வரிசை இதேதான். விதிகள் மட்டும் மாறும்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்கிறார்கள். வாசலில் நடும் பலகைக்கு அலைகிறார்கள், எதிரணிக்காரரோடு வாதாடுகிறார்கள், முகநூலில் எழுதித் தள்ளுகிறார்கள். பிரைமரியில் வெற்றியைத் தருவது பட்டியல்தான். நம் ஆதரவாளர் யார் யார் என்று பெயர் பெயராகத் தெரிந்துகொள்வதும், அவர்களை வாக்குப்பதிவு நாளில் வரவைப்பதும்தான் வேலை. கீழே உள்ள எல்லாப் படிகளும் அதற்காகத்தான்.

1. உங்கள் குடியுரிமை நிலைக்கு எது அனுமதி என்று பாருங்கள்

தமிழர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. அதனால் இதை முதலில் வைக்கிறோம்.

குடியுரிமை உள்ளவர்கள் வாக்களிக்கலாம், நன்கொடை தரலாம், எல்லா வேலையும் செய்யலாம். க்ரீன் கார்டு உள்ளவர்கள் நன்கொடை தரலாம், தொண்டராக வேலை செய்யலாம். வாக்களிக்கக் கூடாது, வாக்காளராகப் பதிந்துகொள்ளவும் கூடாது. எச்-1பி வேலை விசா, மாணவர் விசா போன்றவற்றில் இருப்பவர்கள் ஊதியம் வாங்காமல் தொண்டு செய்யலாம். ஆனால் ஒரு டாலர்கூட நன்கொடை தரக் கூடாது. பிரச்சாரப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்ற முடிவுகளிலும் கலந்துகொள்ளக் கூடாது.

மேசை போட்டு வாக்காளர் பதிவு செய்யும் இடத்தில் யாராவது ஆர்வமாகப் படிவத்தை நீட்டினால், க்ரீன் கார்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. குடியுரிமை உள்ளவர் என்று தவறாக அறிவிப்பது பிற்காலத்தில் நாடு கடத்தல் வரை கொண்டுபோய் விடும். நீங்களே அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால், படிவத்தைத் தருவதற்கு முன் "நீங்கள் அமெரிக்கக் குடிமகனா?" என்று ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுக் கேளுங்கள். நம்மவர் என்ற உரிமையில் இந்தக் கேள்வியை விட்டுவிடுவதுதான் ஆபத்து.

2. மாநிலத்தின் விதியையும் கெடு தேதியையும் எழுதி வையுங்கள்

இங்கே கட்சி உறுப்பினர் அட்டை கிடையாது. பல மாநிலங்களில் வாக்காளராகப் பதியும்போதே எந்தக் கட்சி என்று அரசுப் பதிவேட்டில் குறிக்கிறார்கள். பிரைமரியில் யார் வாக்களிக்கலாம் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

நியூயார்க், பென்சில்வேனியா, ஃப்ளோரிடா ஆகியவை மூடிய பிரைமரி மாநிலங்கள். அந்தக் கட்சியில் பதிந்தவர் மட்டுமே வாக்களிக்க முடியும். டெக்சாஸ், மிச்சிகன், வர்ஜீனியா, ஜார்ஜியாவில் கட்சிப் பதிவே இல்லை. யாரும் ஏதாவது ஒரு கட்சியின் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கலாம். நியூ ஹாம்ப்ஷயர் நடுவில் நிற்கிறது. கட்சி குறிப்பிடாமல் பதிந்தவர்கள், அதாவது அன்டிக்ளேர்டு வாக்காளர்கள், அன்றைக்கு எந்தச் சீட்டு வேண்டுமானாலும் கேட்கலாம். வாக்களித்தபின் அங்கேயே ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் ஏற்கெனவே ஒரு கட்சியில் பதிந்தவர், வேட்பு மனு தாக்கலுக்கு முந்தைய கெடு தாண்டிவிட்டால் மாற முடியாது. 2024 ஜனவரி 23 பிரைமரிக்கு அந்தக் கெடு 2023 அக்டோபர் 6.

கெடு இவ்வளவு முன்னால் வரும் என்று யாரும் நினைப்பதில்லை. 2016 நியூயார்க் பிரைமரி ஏப்ரல் 19இல் நடந்தது. கட்சி மாறும் கெடு 2015 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. டிரம்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் அந்தக் கெடுவைத் தவறவிட்டதால் சொந்தத் தந்தைக்கே வாக்களிக்க முடியவில்லை. நியூயார்க் பிறகு இந்தக் கெடுவைப் பிப்ரவரி 14க்கு மாற்றியது. மூடிய மாநிலத்தில் உங்கள் முதல் இரண்டு மாத வேலை, ஆதரவாளர்களைச் சரியான கட்சியில் பதியவைப்பதுதான். வாக்குக் கேட்பது அதற்குப் பிறகு.

மாநிலச் செயலாளர் அலுவலகத்தின் இணையதளத்திலிருந்து ஐந்து விஷயங்களை ஒரே தாளில் எழுதுங்கள்: பதிவுக் கெடு, கட்சி மாற்றக் கெடு, தபால் வாக்கு விண்ணப்பக் கெடு, முன்கூட்டி வாக்களிக்கும் நாட்கள், வாக்குச்சாவடி நேரம். பிரைமரி தேதிகள் ஒவ்வொரு முறையும் நகரும். நான்கு வருடத்துக்கு முந்தைய தாளை நம்பாதீர்கள்.

3. வேட்பாளர் பெயர் வாக்குச்சீட்டில் ஏறுவதற்குக் கையெழுத்து வேண்டுமா?

நியூ ஹாம்ப்ஷயரில் 1,000 டாலர் கட்டணம் கட்டினால் போதும். வர்ஜீனியாவில் 5,000 வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். அதில் 11 நாடாளுமன்றத் தொகுதிகளிலும் தலா 200 இருக்க வேண்டும். 2012இல் இந்தத் தேவை 10,000 ஆக இருந்தது. குடியரசுக் கட்சி வேட்பாளர் தேர்வில் போட்டியிட்ட நியூட் கிங்ரிச்சும் ரிக் பெர்ரியும் தகுதி பெறவில்லை. அந்தக் கட்சியின் வாக்குச்சீட்டில் மிட் ராம்னி, ரான் பால் என்று இரண்டே பெயர்கள்.

தேவையைப் போல ஒன்றரை மடங்காவது திரட்டுங்கள். பதிவாகாதவர், முகவரி மாறியவர், வேறு தொகுதிக்காரர், கிறுக்கலாக எழுதியவர் என்று ஒரு பகுதி கழிந்தே தீரும். பேரங்காடி வாசலில் நின்றால் கையெழுத்து வேகமாக வரும், கழிவும் அதிகமாக வரும். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனால் மெதுவாக வரும், ஆனால் நிற்கும்.

4. கட்சிக் கிளைக்கும் வேட்பாளரின் குழுவுக்கும் உள்ள வித்தியாசம்

ஊர்க் குழு, கவுன்ட்டி (மாவட்டம் போன்ற பகுதி) குழு ஆகியவை கட்சியின் அமைப்புகள். பிரைமரி முடியும்வரை அவை பெரும்பாலும் நடுநிலை வகிக்கும். அங்கே போய், "என் வேட்பாளருக்கு ஆள் தாருங்கள்" என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள். வேட்பாளரின் குழு தனி. அதன் ஃபீல்டு ஆர்கனைசர், அதாவது களப்பணி அமைப்பாளர்தான் உங்களுக்குப் பட்டியலும் துண்டறிக்கையும் தருவார்.

இரண்டிடமும் போங்கள். ஊர்க் குழுவின் மாதக் கூட்டத்துக்குப் போவதற்குக் காரணம், இருபது வருடமாக அந்த வார்டில் கதவு தட்டியவர்கள் அங்கேதான் இருப்பார்கள். எந்தத் தெருவில் நாய், எந்த அடுக்ககத்துக்குள் விட மாட்டார்கள், யார் சொன்னால் பத்துப் பேர் கேட்பார்கள் என்பதெல்லாம் எந்தக் கணினிப் பட்டியலிலும் கிடையாது. அவர்களில் பாதிப் பேர் வேறு வேட்பாளரை ஆதரிப்பார்கள். மரியாதை குறையாமல் நடந்துகொள்ளுங்கள். நவம்பர் பொதுத் தேர்தலில் அதே ஆட்களோடுதான் ஒரே அணியில் நிற்கப் போகிறீர்கள்.

5. இலக்கை எண்ணாக எழுதுங்கள்

"முடிந்தவரை பேசுவோம்" என்று தொடங்கினால், எப்போது பின்தங்கினோம் என்றே தெரியாது. கடந்த பிரைமரியில் உங்கள் வார்டில் உங்கள் கட்சிக்கு எத்தனை வாக்கு விழுந்தது என்று பாருங்கள். 1,200 என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீதம் வேண்டும் என்றால் 360 வாக்கு. ஆதரவு என்று சொன்னவர்களில் நான்கில் ஒருவர் வர மாட்டார் என்று கணக்கிட்டால், 480 உறுதியான பெயர்கள் தேவை.

ஒரு சுற்றில், அதாவது மூன்று மணி நேரத்தில், ஒருவர் ஐம்பது கதவு தட்டலாம். பத்துப் பன்னிரண்டு கதவு திறக்கும். அதில் நாலு பேர் உறுதியாகச் சொன்னால் நல்ல நாள். அப்படியானால் 480 பெயருக்கு 120 சுற்றுகள். பத்துத் தொண்டர்கள் வாரம் இரண்டு சுற்று வந்தால் ஆறு வாரம். இந்தக் கணக்கைப் போட்டபின்தான் டிசம்பரில் தொடங்கினால் போதாது என்பது புரியும்.

ஜனநாயகக் கட்சியில் இன்னொரு எண்ணையும் நினைவில் வையுங்கள்: 15 சதவீதம். மாநில அளவிலும் நாடாளுமன்றத் தொகுதி அளவிலும் அதைத் தாண்டியவருக்கே பிரதிநிதிகள், அதாவது கட்சியின் தேசிய மாநாட்டில் அவருக்காக வாக்களிப்பவர்கள், கிடைப்பார்கள். 14இல் நிற்கும் வேட்பாளருக்கு உங்கள் வார்டின் ஐம்பது வாக்கு மிகப் பெரிது. குடியரசுக் கட்சியில் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மார்ச் 15 முதல் நடக்கும் பிரைமரிகளில் முதலிடம் பெற்றவருக்கே எல்லாம் என்ற முறையும் வரலாம்.

6. பட்டியலை வெட்டுங்கள்

ஜனநாயகக் கட்சிக் குழுக்கள் வேன் என்ற வாக்காளர் தரவுத்தளத்தையும், கைப்பேசியில் மினிவேன் செயலியையும் பயன்படுத்துகின்றன. குடியரசுக் கட்சிப் பக்கம் வேறு தரவுத்தளங்கள் உண்டு. எதுவானாலும் ஒவ்வொருவரின் பெயர், முகவரி, வயது, கட்சிப் பதிவு, எந்தெந்தத் தேர்தலில் வாக்களித்தார் என்பதெல்லாம் இருக்கும். யாருக்கு வாக்களித்தார் என்பது இருக்காது.

எல்லா வீட்டுக்கும் போகாதீர்கள். நியூ ஹாம்ப்ஷயரில் முதல் சுற்றுக்கு, உங்கள் கட்சியில் பதிந்து கடந்த இரண்டு பிரைமரியில் ஒன்றிலாவது வாக்களித்தவர்களை எடுங்கள். பிறகு அதே பழக்கமுள்ள அன்டிக்ளேர்டு வாக்காளர்கள். பிரைமரிக்கு ஒருமுறைகூட வராதவரை வரவைப்பது மிகக் கடினம். அவர்களைக் கடைசியில் வையுங்கள்.

ஒரு தொண்டருக்கான பகுதியை டர்ஃப் என்பார்கள். நடந்து முடிக்கக்கூடிய ஐம்பது கதவாக அதை வெட்டுங்கள். நடுவில் நெடுஞ்சாலையோ ஆறோ குறுக்கிடக் கூடாது. வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும் இரண்டு தெருக்கள் தரையில் இணையாமல் இருக்கும். முதல் முறை வருபவரை அப்படி ஒரு டர்ஃபுக்கு அனுப்பினால் இரண்டாம் முறை வர மாட்டார்.

7. பையில் என்ன இருக்க வேண்டும்

முழுதாகச் சார்ஜ் ஏறிய கைப்பேசி, பவர் பேங்க், அச்சடித்த பட்டியல் ஒன்று, அட்டைப் பலகை, துண்டறிக்கை அறுபது, குறிப்பெழுதச் சின்ன அட்டைகள், தண்ணீர். நியூ ஹாம்ப்ஷயர் ஜனவரியில் பேனா மை உறைந்துவிடும், பென்சில் கொண்டுபோங்கள். குளிரில் கைப்பேசி சட்டென அணைந்துவிடும், அதைச் சட்டைக்கு உட்பக்கம் வையுங்கள். கைக்கு ஹேண்ட் வார்மர், காலுக்குப் பனி பூட்ஸ். நாலரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். ஆகவே கதவு தட்டுவதைப் பகலில் முடித்து, மாலையைத் தொலைபேசிக்கு வையுங்கள். தனியாக அனுப்பாதீர்கள், இருவராக, தெருவின் எதிரெதிர்ப் பக்கம்.

துண்டறிக்கையை நீங்களே அச்சடிக்காதீர்கள். யார் பணத்தில் அச்சானது என்ற அறிவிப்பு சட்டப்படி இருக்க வேண்டும். குழு தருவதையே பயன்படுத்துங்கள்.

8. வாசலில் இரண்டு நிமிடம்

மணி அடித்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்து, முகம் தெரியும்படி நில்லுங்கள். கதவைத் திறப்பவர் பயப்படாமல் இருக்க இது முக்கியம். பட்டியலில் உள்ள பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பெயர், ஊர், காரணம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்: "வணக்கம், நான் இதே வார்டில் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். இன்னாருக்காகத் தொண்டராக வந்திருக்கிறேன், சம்பளத்துக்கு அல்ல. பிரைமரியில் யாருக்கு வாக்களிப்பது என்று யோசித்திருக்கிறீர்களா?" இதை ஆங்கிலத்தில்தான் சொல்லப் போகிறீர்கள், உங்கள் உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். பக்கத்துத் தெருக்காரர் என்பது அதைவிடக் கனமான விஷயம்.

கேட்டுவிட்டு வாயை மூடுங்கள். புதியவர்கள் இங்கேதான் கெடுக்கிறார்கள். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் கொள்கை விளக்கத்தில் இறங்கிவிடுகிறார்கள். அவர் மருந்து விலை என்றோ பள்ளி வரி என்றோ சொன்னால், அதைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள், பிறகு உங்கள் வேட்பாளர் அதில் சொன்ன ஒன்றை மட்டும் சொல்லுங்கள். தெரியாததற்குப் பதில் சொல்லாதீர்கள். "கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுதிக்கொண்டு, அன்றிரவே அழைத்துச் சொன்னால் அந்த வாக்கு பெரும்பாலும் உங்களுக்குத்தான்.

எதிரணி ஆதரவாளர் என்றால் நன்றி சொல்லி நகருங்கள். வாதாடி வென்ற வாக்கு கிடையாது. அந்தப் பத்து நிமிடத்தில் நாலு கதவு போய்விடும்.

யாரும் இல்லையென்றால் துண்டறிக்கையைக் கைப்பிடியில் செருகுங்கள். தபால் பெட்டியில் போடவே கூடாது. தபால்தலை ஒட்டாத எதையும் அதில் போடுவது மத்தியச் சட்டப்படி குற்றம். கதவு தட்டி அரசியல் பேச ஊராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. ஆனாலும் அத்துமீறி நுழையாதே என்ற பலகை இருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

9. அங்கேயே, அப்போதே பதியுங்கள்

ஒவ்வொருவருக்கும் 1 முதல் 5 வரை எண். 1 உறுதியான ஆதரவு, 2 சாய்வு, 3 முடிவு செய்யவில்லை, 4 வேறு பக்கம் சாய்வு, 5 உறுதியான எதிர்ப்பு. படியை விட்டு இறங்கியவுடன் போடுங்கள். ஆறு வீடு தாண்டினால் யார் எது சொன்னார் என்று குழம்பிவிடும்.

அன்பாகப் பேசியவருக்கெல்லாம் 1 போடுவதுதான் மிகப் பெரிய தவறு. "நல்ல மனிதர்தான் உங்கள் ஆள்" என்பது 3. "அவருக்குத்தான் போடுவேன்" என்று வாயால் சொன்னால் மட்டுமே 1. பொய்யான 1கள் நிறைந்த பட்டியலை வைத்துக் கடைசி நாளில் ஆள் திரட்டினால், எதிரணிக்காரரையும் வீட்டிலிருந்து கிளப்பி அனுப்பிக்கொண்டிருப்போம்.

3 போட்டவர்களிடம் இரண்டு வாரத்தில் வேறொரு தொண்டர் மறுபடி போக வேண்டும். அதற்குத்தான் குறிப்பு: "மகள் நர்ஸ், மருத்துவச் செலவு கவலை" என்று ஒரு வரி இருந்தால் அடுத்தவர் அங்கிருந்து தொடங்கலாம்.

10. வீட்டுக் கூட்டம்

தயங்குபவர்களை முடிவெடுக்க வைக்கச் சிறந்த வழி, அவர்களுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் பதினைந்து இருபது பேர் உட்கார்ந்து பேசுவது. இருபது பேர் வர அறுபது பேரை அழைக்க வேண்டும். முந்தின நாள் எல்லாருக்கும் தொலைபேசியில் நினைவூட்ட வேண்டும். பேச்சு பத்து நிமிடம், கேள்வி அரை மணி. முடிவில் ஆதரவு அட்டையை நீட்டிக் கையெழுத்துக் கேளுங்கள். சாப்பாடு பிரமாதமாக அமைந்து, அட்டையை நீட்ட மறந்த கூட்டங்கள் நம்மவர் வீடுகளில் அதிகம்.

வீட்டில் நடத்தும் கூட்டத்துக்கு உணவு, பானம், அழைப்பிதழுக்காக ஒருவர் ஒரு தேர்தலுக்கு ஒரு வேட்பாளருக்கு 1,000 டாலர் வரை செலவழித்தால் அது நன்கொடைக் கணக்கில் வராது. அதற்கு மேல் போனால் வரும். தனிநபர் நன்கொடை வரம்பு 2025-26 சுற்றில் ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர். இது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறும். ரொக்கமாக 100 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. எச்-1பியில் இருக்கும் கணவர் பணத்தைக் குடியுரிமை உள்ள மனைவி பெயரில் கொடுப்பதும் சட்டவிரோதம்தான்.

11. கடைசி நான்கு நாட்கள்

இந்த நாட்களில் யாரையும் மனம் மாற்ற முயலாதீர்கள். 1களிடமும் 2களிடமும் மட்டும் போங்கள். கேட்க வேண்டியது மூன்று: எத்தனை மணிக்குப் போவீர்கள், எப்படிப் போவீர்கள், யாரோடு போவீர்கள். வாயால் சொன்ன திட்டம் நிறைவேறும் வாய்ப்பு அதிகம்.

நியூ ஹாம்ப்ஷயரில் முன்கூட்டி நேரில் வாக்களிக்கும் வசதி இல்லை. தபால் வாக்குக்குக் காரணம் சொல்ல வேண்டும். எல்லாமே ஒரே நாளில் நடப்பதால் பனி பெய்தால் பாரம் முழுக்க உங்கள் மேல்தான். கார் உள்ள ஐந்து பேரையாவது அன்று முழுக்க ஒதுக்கி வையுங்கள்.

அன்றைக்கே வாக்காளராகப் பதிந்து வாக்களிக்கலாம். ஆனால் 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, புதிதாகப் பதிபவர் குடியுரிமைக்கான ஆவணம் காட்ட வேண்டும். குடியுரிமை பெற்ற நம் குடும்பங்களிடம் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஓட்டுநர் உரிமம் மட்டும் கொண்டுபோனவர் திரும்பி வர வேண்டியிருக்கும், பலர் மறுபடி போக மாட்டார்கள்.

வாக்களிக்கும் முறையில் சிக்கல் இருந்தால் மாதிரிச் சீட்டைக் காட்டுங்கள். 2024இல் ஜனநாயகக் கட்சித் தலைமை தென் கரோலினாவை முதலில் வைத்ததால் பைடன் நியூ ஹாம்ப்ஷயர் சீட்டில் பெயர் கொடுக்கவில்லை. அவர் பெயரைக் கையால் எழுதவைத்தே ஆதரவாளர்கள் வென்றார்கள். வட்டத்தை நிரப்பு, பெயரை எழுது என்ற இரண்டையும் ஒவ்வொரு வாசலிலும் சொல்லிக்கொடுத்ததன் பலன் அது.

வாக்குச்சாவடி அருகே எவ்வளவு தூரத்தில் நிற்கலாம் என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவில் 100 அடி, அயோவாவில் 300 அடி. சின்னம் பொறித்த சட்டையோடு உள்ளே போகாதீர்கள், வாக்களிக்கவும்கூட.

12. உங்கள் மாநிலத்தில் காகஸ் என்றால்

காகஸ் என்பது கட்சியே நடத்தும் கூட்டம். குறித்த நேரத்தில் வந்து உட்கார வேண்டும். தாமதமாக வந்தால் போச்சு. அதனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், இரவுப் பணிக்காரருக்கு மாற்று என்று முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். அயோவா குடியரசுக் கட்சிக் காகஸில் ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஒருவர் சுருக்கமாகப் பேசுவார், பிறகு தாளில் ரகசிய வாக்கு. உங்கள் பிரசிங்க்டில், அதாவது வாக்குச்சாவடிப் பகுதியில், பேசுபவர் யார் என்று ஒரு வாரம் முன்பே முடிவு செய்யுங்கள். உள்ளூரில் எல்லாருக்கும் தெரிந்த முகமாக இருக்கட்டும்.

எண்ணும்போது உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று, முடிவுத் தாளைக் கைப்பேசியில் படம் எடுக்க வேண்டும். 2012 அயோவா குடியரசுக் கட்சிக் காகஸில் அன்றிரவு ராம்னி 8 வாக்கில் முன்னிலை என்றார்கள். சரிபார்த்தபின் இன்னொரு வேட்பாளரான ரிக் சான்டோரம் 34 வாக்கில் முன்னால் இருந்தார். எட்டு பிரசிங்க்டுகளின் தாள்கள் கிடைக்கவே இல்லை.

13. மறுநாள்

கையில் இருக்கும் அச்சுப் பட்டியல்களை ஆர்கனைசரிடம் திருப்பிக் கொடுங்கள். அது மக்களின் தனிப்பட்ட விவரம், வீட்டுக் குப்பையில் போகக் கூடாது. தொண்டர்கள் ஒவ்வொருவரையும் அழைத்து நன்றி சொல்லுங்கள், வேட்பாளர் தோற்றிருந்தால் இன்னும் கவனமாக. ஊர்க் குழுவின் அடுத்த கூட்டம் எப்போது என்பதையும் அதே அழைப்பில் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு தேடினால் பாதிப் பேர் கிடைக்க மாட்டார்கள்.

பலகைகளையும் அகற்ற வேண்டும். நியூ ஹாம்ப்ஷயரில் தேர்தலுக்குப் பின் வரும் இரண்டாவது வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துவிட வேண்டும். பிரைமரியில் வென்றவரின் பலகைக்கு மட்டும் விலக்கு. எந்த வீட்டில் எத்தனை நட்டோம் என்ற கணக்கை நடும்போதே எழுதி வைத்திருந்தால் இரண்டு பேர் ஒரு மதியத்தில் முடித்துவிடலாம். கம்பிச் சட்டங்களை மட்டும் பத்திரப்படுத்துங்கள், நவம்பருக்கு ஆகும்.